திருவனந்தபுரம் லாட்ஜும் ரோஸ்லெட்டின் அரிசி டப்பாவும்

நான் இங்கே எழுதுவதெல்லாம் பெரும்பாலும் கோயில், அருவி, எந்தக் கடையில் ரசவடை நன்றாக இருக்கும் என்கிற ரகம். இந்தப் பயணம் அப்படியில்லை. போன பங்குனியில் என் கணவர் சுயம்புவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், "திருவனந்தபுரத்துல போய் எடுத்துருங்க. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் எந்த மாதிரின்னு சொல்ல முடியும்" என்றார். அதில் இரண்டே மாதிரிதான் உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெளியே வந்து இரண்டு பேரும் அதைப் பேசாமல் இளநீர் குடித்தோம்.

எங்கள் ஊர் கொட்டாரம். சுயம்புவுக்கு வயல் வேலை. எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அவர் வயலின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் சம்பந்தமில்லாத நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்பதே எனக்குத் தாங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நாகர்கோவில் சந்திப்புக்கு ஆட்டோ, பதினான்கு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். ஆறே முக்கால் ரயில். முன்பதிவு இல்லாத சீட்டு ஆளுக்கு நாற்பத்தைந்து. எட்டரை மணிக்குத் திருவனந்தபுரம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றெண்பது. பேருந்திலும் போகலாம், ஆனால் அரிசிப் பையும் படுக்கை விரிப்பும் தூக்கிக்கொண்டு முடியாது.

லாட்ஜின் பெயரை எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வலது பக்கச் சந்தில் நானூறு அடி நடந்தால் அப்படி ஏழெட்டு லாட்ஜுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே ஜாடைதான். எங்களுடையது மூன்று மாடி, பன்னிரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. இரட்டைக் கட்டில் அறை நாளைக்கு நானூற்றைம்பது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த லாட்ஜின் ஜன்னல். வெந்நீர் காலை ஆறு முதல் ஏழரை வரை. மெத்தையைப் பற்றிப் பேசினால் கட்டுரை நீண்டுவிடும். ஆனால் தரைத்தளத்தின் பின்பக்கம் ஒரு பொது அடுக்களை உண்டு. இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, சுவரோடு ஒரு நீள அலமாரி. கேஸுக்கு ஒரு வேளைக்கு முப்பது ரூபாய். நோயாளியோடு வருகிறவர்கள் இந்த லாட்ஜைத் தேடி வருவது அதற்காகத்தான்.

அடுக்களையில் நின்றால் ஊரில் இருப்பது போலவே இருக்கும். குலசேகரம், தக்கலை, கருங்கல் என்று பாதிப் பேர் நம் மாவட்டத்து ஆட்கள். முதல் நாள் என் பக்கத்து அடுப்பில் நின்றவள்தான் ரோஸ்லெட். குழித்துறைக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் கணவர் சேம்ராஜுக்குச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். வயிற்றில் நோய், வார்டில் சேர்த்து மூன்று வாரமாகிறது என்றாள். காலையும் மாலையும் சமைத்து எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

"அக்கா, வெள்ளையரிசியா பொங்குதிய? அதுல என்ன சத்திருக்கு?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அவர்கள் பக்கம் சிவப்புப் புழுங்கலரிசிதான். எனக்குச் சுருக்கென்று வந்தது. "எங்க ஊருல நெல்லு விளையுதும்மா, நாங்க விளையுததத் திங்கோம்" என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தன் குழம்பில் ஒரு கரண்டி எடுத்து என் பாத்திரத்தில் ஊற்றினாள். அதன்பிறகு சண்டை போட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வரப் பதினொரு நாளாகும். மறுநாள் சனிக்கிழமை காலை, "கஞ்சி கொடுக்கலாம், வெதுவெதுப்பா, தண்ணியா" என்றார் நர்ஸ். அன்றைக்குப் பார்த்துக் கேரளத்தில் கடையடைப்பு. கேன்டீனில் கஞ்சி எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. லாட்ஜுக்கு ஓடி வந்தால் என் பையில் அரிசி இல்லை. முந்தின நாள் பதற்றத்தில் அதைக் கவனிக்கவேயில்லை. அடுக்களையில் ஒரு ஆள் கிடையாது. அலமாரியில், மூலையில், ஒரு பழைய பிஸ்கட் டப்பா. கண்ணாடி போல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். பாதிக்கு மேல் சிவப்பரிசி. யார் டப்பா என்று யோசிக்கவில்லை. இரண்டு பிடி எடுத்துக் களைந்து உலையில் போட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். சுயம்பு பத்துக் கரண்டி குடித்தார். குடித்துவிட்டுக் கையால் 'போதும்' என்று சைகை காட்டினார்.

அன்று மாலை நான் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது ரோஸ்லெட் வந்தாள். தன் பையிலிருந்து அரிசியை அளந்து சட்டியில் போட்டாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஒரு நொடி நின்றாள். பிறகு அலமாரியில் இருந்த அந்த டப்பாவைத் திறந்து போட்டாள்.

"அது என்னம்மா?" என்றேன்.

"பிடியரிசி அக்கா. ஒவ்வொரு நாளும் பொங்குததுல ஒரு பிடி கோயிலுக்கு. எங்கம்மா செஞ்சாவ, நானும் கெட்டி வந்த நாளுலேருந்து செய்யுதேன். மாசக் கடைசியில கொண்டு கோயில்ல தட்டணும். ஆஸ்பத்திரின்னு நிறுத்த முடியுமா?"

அவர்களுக்குக் கோயில் என்றால் சர்ச். எங்கள் ஊரிலும் தெருவுக்கொன்று உண்டு. ஆனால் அடுத்த வீட்டு அடுக்களையில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் சாமிக்கு என்று எடுத்து வைத்ததைப் பிள்ளைகள் தெரியாமல் தொட்டாலே அடி விழும். நான் அதைக் கஞ்சி வைத்தே கொடுத்திருக்கிறேன், அதுவும் கழுத்தில் தையலோடு கிடக்கிறவருக்கு. சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதும்விட்டேன்.

அவள் டப்பாவை ஒருமுறை பார்த்தாள். "அண்ணனுக்கு கஞ்சி எறங்கிச்சா?" என்றாள்.

"எறங்கிச்சு."

"பின்ன என்னக்கா. தெருவுலயா கொட்டினிய?"

நாளைக்கே கடை திறந்ததும் இரண்டு கிலோ வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவள் கொஞ்சம் கண்டிப்பாகவே தலையை ஆட்டினாள். "மொத்தமா போட்டா அது பிடியரிசி ஆவாது. ஒரு நாளைக்கு ஒரு பிடி. நம்ம சோத்துலேருந்து எடுக்கணும், அன்னன்னைக்கு எடுக்கணும். அதான் அதுக்க முறை. நீங்க ஒண்ணும் போடாண்டாம். அண்ணனைப் பாருங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை வார்டு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவள் அடுக்களைக்கு வந்து சமைத்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. சுயம்பு முந்தின நாள்தான் அறைக்கு வந்திருந்தார், நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. புதன்கிழமை நண்பகலில் கீழே வண்டிச் சத்தம். ஓடி வந்தேன். சேம்ராஜைப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். ரோஸ்லெட் என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, வந்து ஏறு" என்று முன்னாலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டார். போய்விட்டாள்.

அடுக்களையில் அவள் சட்டி, கரண்டி, பை எதுவுமில்லை. அரிசி டப்பா மட்டும் அலமாரி மூலையில் இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அன்று நான் சோறு வைக்கும்போது என் வெள்ளையரிசியில் ஒரு பிடி எடுத்து அதில் போட்டேன். எனக்கு ஜெபம் தெரியாது. 'இவருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது' என்று மட்டும் சொன்னேன். இதைப் பக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். முழுக்க முழுக்கப் பயம். எடுத்தது இரண்டு பிடி, அதைப் போட்டாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று மூன்றாம் நாள் நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தினால் முடிவு வேறு மாதிரி வந்துவிடுமோ என்று மறுபடியும் ஒரு பிடி அள்ளினேன். ஒரு நாளும் விடவில்லை.

அடுத்த செவ்வாய் காலையும் ஒரு பிடி போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "வெறும் கட்டிதான். புற்று இல்லை. ஊருக்குப் போகலாம்" என்றார். சுயம்பு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கரகரத்த குரலில், "ஏட்டி, பசிக்கி" என்றார். பதினாறு நாளில் அவர் தானாகப் பசி என்று சொன்னது அதுதான் முதல்முறை. நான் அங்கேயே, அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

பதினைந்து ராத்திரிக்கு அறை வாடகை ஆறாயிரத்து எழுநூற்றைம்பது கட்டிவிட்டு மதிய ரயிலில் ஏறினோம். டப்பா என் மடியில். சிவப்பரிசிக்கு மேலே வெள்ளையரிசி, பாத்தி கட்டியது போலத் தனித்தனியாகத் தெரிந்தது. ரோஸ்லெட் போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் குழித்துறை. இருவரும் இறங்கினோம். ஆட்டோக்காரரிடம், வாழைக்குலை வியாபாரம் பார்க்கும் சேம்ராஜ் வீடு என்றேன்.

அவர் சுயம்புவின் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாவுக்கு வந்தியளா? முந்தாநேத்தே அடக்கம் முடிஞ்சு போச்சே."

திரும்பிவிடலாம் என்று தோன்றியது. நல்ல முடிவு வந்த காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் எப்படி நிற்பது? சுயம்புதான் ஆட்டோவில் முதலில் ஏறினார். பாலம் தாண்டி நூறு ரூபாய்.

முற்றத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ரோஸ்லெட் வெள்ளைச் சேலையில் உள் அறையிலிருந்து வந்தாள். அவள் கண் முதலில் சுயம்புவிடம் போனது. "அண்ணே, குரல் வந்துட்டா? டாக்டர் என்ன பறஞ்சாவ?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவம்மா" என்றார் அவர், குற்றம் செய்தவர் போல.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரோஸ்லெட், ஒன் அரிசியை எடுத்துத் தின்னவியளுக்கு நல்லாச்சு. நாளும் எடுத்து வச்ச ஒனக்கு..." என்று ஆரம்பித்தேன். டப்பாவை நீட்டினேன். "மறந்து வச்சிட்டு வந்துட்ட."

"மறக்கல்ல அக்கா." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "டாக்டர் சொன்ன அன்னைக்கு சாயங்காலம் அரிசி களைய நின்னேன். கை தன்னால அள்ளிச்சு. இனி எதுக்குன்னு திருப்பிச் சட்டியிலயே போட்டேன். இருவத்திமூணு வருசத்துல அன்னைக்குத்தான். மறுநாளும் டப்பா கண்ணுல பட்டுது. வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன்."

பிறகு டப்பாவை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாள். "இது நீங்களா?"

"ஆமா. நீ போன புதன்லேருந்து. நேத்து வரைக்கும், இன்னைக்குக் காலையிலயும்."

விரல்விட்டு எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமையில் கொஞ்சம் நின்றாள். சேம்ராஜ் போனது அன்றைக்குத்தான். பிறகு ஞாயிறு, திங்கள், செவ்வாய். "அவிய செத்த அன்னைக்கும் போட்டிருக்கிய" என்றாள். சத்தமே இல்லாமல் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுயம்பு வாசலில் நின்று ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போன செவ்வாய் ஒண்ணுதான் விட்டுப்போச்சு" என்றாள். துக்க வீடு, அடுப்பு பற்ற வைக்கவில்லை, சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவருகிறார்கள். உள்ளே போய் அரிசிப் பானையைத் திறக்கும் சத்தம் கேட்டது. சிவப்பரிசி ஒரு பிடியோடு வந்து, கண்ணை மூடி ஒரு நொடி நின்று, வெள்ளையின் மேல் போட்டு மூடினாள்.

ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தரைத்தளத்தில் அறை கேளுங்கள். தையல் போட்டவரை மாடி ஏற்றுவது கொடுமை. கொசுவர்த்தியும் ஒரு வாளியும் கொண்டு போங்கள். அரிசி நினைப்பதைவிட இரண்டு கிலோ கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை எந்த நாளிலும் அடைக்கலாம். அப்படியும் தீர்ந்துபோனால், அடுக்களை அலமாரியில் மூடி வைத்திருக்கும் எதையும் கேட்காமல் தொடாதீர்கள். கேளுங்கள், கொடுப்பார்கள்.