கற்கண்டைத் திரும்ப எடுத்தவள்

ஹாங்காங்கில் எங்கள் சிந்திக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பவள் ரேஷ்மா. சிம் ஷா சுய்யில் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை. ஒன்று அவளுக்கு, இன்னொன்று விவரத்தாள் அடிக்கும் எனக்கு. நூற்றுப்பத்து கல்யாணம் முடித்திருக்கிறாள். அத்தனை பெண்களுக்கும் ஒரே பாடம்தான்: தாலி ஏறும் அன்று பண்டிட் புதுப் பெயர் வைப்பார், மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள். எனக்கும் அப்படித்தான் சொன்னாள். வைத்த பெயர் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

போன மாதம் பூமிகாவின் முறை. பல் மருத்துவர். பையன் ருஷில் அவளை நாலு தடவை சந்தித்து, இவள்தான் என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா சுந்தரி மெல்வானி முகம் சுளித்தால் அப்புறம் எங்கள் படியை ஒருத்தரும் மிதிக்க மாட்டார்கள். ஆகவே கற்கண்டு மாற்றி நிச்சயம் பண்ணும் நாளன்று நாங்கள் ரொம்பப் பவ்யமாகத்தான் போனோம்.

தேங்காயும் கற்கண்டும் தட்டில் இருந்தன. பையன் ஜாதகத்துக்குப் பொருந்துகிற எழுத்தைப் பண்டிட் பார்த்துவிட்டார், இனி இவள் ஜியா என்றாள் சுந்தரி. பூமிகா மெதுவாக, என் பெயரை மாற்ற மாட்டேன் என்றாள். ருஷில் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுந்தரி ரேஷ்மாவைப் பார்த்தாள். "நீ எடுத்துச் சொல்லு. நீயும் மாத்திக்கிட்டவதானே?"

"ஆமா. பொறந்த வீட்ல என் பேரு கோபி, கண்ணனோட கோபிகை மாதிரின்னு வச்சது. அப்பா சாகக் கிடக்கும்போது கோபி, கோபின்னு கூப்பிட்டாரு. யாரைக் கூப்பிடுறாருன்னு நான் பக்கத்துல நின்னவளைப் பாத்தேன்."

நூற்றுப்பத்து பெண்களுக்கு நல்ல புத்தி சொன்ன வாய் அது. இத்தனை வருடம் கூட இருந்தும் எனக்கு இது தெரியாது.

"பொருத்தம்தான் வேணும்னா உங்க பையன் பேரை மாத்துங்களேன்," என்றாள் ரேஷ்மா. தட்டிலிருந்த கற்கண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பூமிகாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

அந்த வாரமே ஏழு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் விவரத்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடையைக் கட்ட வேண்டியதுதான் என்றேன். ரேஷ்மாவோ விவரத்தாளின் தலையில் புது வரி ஒன்று அடிக்கச் சொன்னாள்: பெண்ணின் பெயர் மாற்றப்படாது. சம்மதமில்லாதவர்கள் வர வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ருஷில் தனியாகப் படியேறி வந்தான். பூமிகாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, அம்மாவுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் பண்ணிக்கொள்ளலாம், பெயரை மாற்றவே வேண்டாம் என்றான். எனக்கு மனசு இளகிவிட்டது. ரேஷ்மாவுக்கு இல்லை.

"ஒளிஞ்சு கட்டிக்கிற அளவுக்கு அந்தப் பொண்ணு என்னப்பா தப்பு பண்ணுச்சு?"

அவன் தலைகுனிந்தான்.

"அன்னைக்கு அவ தனியா பேசினா. நீ டீ குடிச்ச." மேசைத் தொலைபேசியை அவன் பக்கம் தள்ளினாள். "உங்க அம்மாகிட்ட சொல்லு. இப்பவே, என் முன்னாடி."

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன். ரிசீவரை எடுத்தான்.

"அம்மா," என்றான். "பூமிகாவைப் பத்திப் பேசணும். ஆமா, பூமிகாதான்."