ராட்சசனுக்கு மார்க் போடுகிறவள்

“இருங்க, ஒரு வாய் டீ குடிச்சுக்கறேன்” என்று, பூதம் மலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுகிற சமயம் பார்த்துத்தான் சித்ராதேவி டம்ளரை எடுப்பாள். எதிரே மூன்று பேர் பகடையும் கையுமாகத் தவித்துக்கொண்டிருப்பார்கள். அவளோ ஆற அமர ஊதி ஊதிக் குடிப்பாள். அந்தத் தவிப்பைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு சுகம்.

வார நாட்களில் அவள் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் லைன் சூப்பர்வைசர். ஞாயிறு மத்தியானம், முதலிபாளையத்தில் முருகேஷ் நடத்தும் அட்டைப்பெட்டி ஷெட்டில், ஒரு மாய ராஜ்ஜியத்துக்கே பொறுப்பு. அவள் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்தக் கதைக்குள் நுழைந்து ஆடுகிற விளையாட்டு அது. வெற்றி தோல்வியில் பகடைக்குப் பாதிப் பங்கு, வேஷத்தின் மார்க்குக்கு மீதிப் பங்கு. பலம், வேகம், அறிவு, பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். கதை வளர வளரப் புது மார்க் கிடைக்கும்; அதை எதில் போடுவது என்பது அவரவர் இஷ்டம். சித்ராதேவியின் ராஜ்ஜியத்தில் அரண்மனைக் காவலாளிகள் ஷிஃப்ட் மாறுவார்கள். பூதங்களுக்குக்கூட டீ பிரேக் உண்டு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தம்பி சதீஷ்குமார் ராட்சசனாகும் வரை. நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், கேட்டால்தான் பேசுவான். கிடைத்த மார்க்கையெல்லாம் பலத்திலேயே கொட்டினான். எந்த எதிரி வந்தாலும் ஒரே அடி, ஆள் காலி. மந்திரக்காரி ஜனனியும் திருடன் முருகேஷும் செய்ய ஒன்றுமில்லாமல் போனை நோண்டத் தொடங்கினார்கள். “அடுத்த வாரம் வேற ஜோலி இருக்குதுங்க” என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். வாரம் பூராவும் டார்கெட், டார்கெட் என்று காது புளித்துப்போன சித்ராதேவிக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு மத்தியானம்தான். அதுவும் கலைந்துபோனால்?

தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். லைனில் ஓவர்லாக் தையல் அடிக்கிறவர் வேகத்தில் பறந்தால் அடுத்த மிஷின்காரர் முன்னால் துணி மலையாகக் குவிந்துவிடும். வேலை எங்கும் தேங்காமல் சமன் செய்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதே ஞாபகத்தில் மூன்று வேஷத்துக்கும், எல்லாவற்றிலும், ஒரே மார்க்கைப் போட்டுவிட்டாள். விளைவைக் கேட்க வேண்டுமா! ராட்சசன் ஒரு மரக்கதவோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்கினான். திருடன் பூனை நடை நடந்து சட்டிபானையில் இடித்துக்கொண்டான். முருகேஷ் வாய் ஓயாமல் கொட்டாவி விட்டார்.

சித்ராதேவியின் கம்பெனியிலேயே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான ஜனனி மறைக்காமல் சொன்னாள்: “தப்பா நெனச்சுக்காதீங்க்கா. எல்லாருக்கும் ஒரே சைஸ் பனியனப் போட்டு உட்ட மாதிரி இருக்குதுங்க.”

சித்ராதேவி முதலில் சிரித்தாள். பிறகுதான் சுருக்கென்றது. “லைன்லயே நான் அப்பிடிப் பண்றதில்லியே கண்ணு” என்றாள். உண்மைதான். காலர் வைக்கத் தெரிந்தவரைத்தான் அவள் காலருக்கு உட்கார வைப்பாள்; கை வேகத்தை யாரிடமிருந்தும் பிடுங்கியதே இல்லை.

பழைய மார்க்கெல்லாம் அவரவருக்குத் திரும்பி வந்தது. கூடவே ஒரு புது விதியும் வந்தது. ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் குணத்தை இன்னும் ஏற்ற வேண்டுமானால் நிறைய விலை கொடுக்க வேண்டும். பலவீனமான குணத்தை மலிவாகவே ஏற்றிக்கொள்ளலாம். ராட்சசனுக்குப் பலத்தில் ஒரு படி ஏறுகிற விலையில் பேச்சில் நாலு படி ஏறிவிடலாம்.

“நான் அடிக்கறவனுங்க்கா. என்னைய எதுக்குப் பேசச் சொல்றீங்க?” என்று முறைத்தான் சதீஷ்குமார்.

“நானொண்ணும் சொல்லலியே கண்ணு. மார்க்கும் உன்னுது, இஷ்டமும் உன்னுது.”

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி மறுவாரமும் எல்லாரையும் வரவழைத்துவிட்டாள். “இன்னைக்கு ஒருக்கா பாக்கறனுங்க. நல்லா இல்லீன்னா உட்ருங்க” என்று சொல்லிக்கொண்டேதான் ஜனனி உட்கார்ந்தாள். கதையில் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு ஒரு டிராகன் படுத்திருந்தது. காங்கேயம் காளைக்கு இருப்பதுபோல் அதற்கு இத்தனை பெரிய திமில். ஜனனியின் மந்திரம் அதன் தோலில் வழுக்கி விழுந்தது. முருகேஷ் சுற்றிச் சுற்றித் தேடியும் சந்து பொந்து அகப்படவில்லை. ராட்சசன் ஓங்கி அடித்ததற்கு அது முதுகைச் சொறிந்துகொண்டது.

சதீஷ்குமார் பென்சிலைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தான். கடைசியில், சேர்த்து வைத்திருந்த புது மார்க்கையெல்லாம் பேச்சில் போட்டான். பகடையை உருட்டினான், நல்ல எண்ணாகவே விழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். காது சிவந்துவிட்டது.

“ஏனுங்க… நாங்க ரொம்பத் தொலைவுல இருந்து வர்றோமுங்க. தெரியாம அடிச்சுப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. கொஞ்சம் வழி உட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போயிருவோமுங்க.”

முருகேஷ் மேசையில் தட்டிச் சிரித்தார். “இன்னுங் கேளு, இன்னுங் கேளு” என்று ஜனனி அவன் தோளை உலுக்கினாள்.

டிராகனுக்கென்று ஒரு நீளமான வசனம் தயாராக இருந்தது. சித்ராதேவி அதை ஒதுக்கிவிட்டாள். டிராகனாகவே எழுந்தாள். தன் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுவிட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, மூன்று பேருக்கும் வழிவிட்டாள்.