அம்மனுக்குச் சொன்ன கறுப்பு

பாகூர் கடைத்தெருவில் நாட்டுக்கோழி விற்ற பாயை நினைத்தால், அவர் ஊதிய அந்த ஊதல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. என் கறுப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் கழுத்தில் பூ என்று ஊதினார். சிறகுகள் பிரிந்தன. ஒன்றை இரண்டு விரலால் நீவி நுனியைப் பார்த்தார். மகளின் ரத்த ரிப்போர்ட்டைப் படித்த டாக்டரின் முகத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேனோ, அப்படியே அன்று பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு மகளுக்கு டெங்கு. ஏழு வயது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள்; தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. நேர்ந்துகொள்கிறவர்களை ஊரே சிரிக்கும்படி கிண்டலடித்து வந்தவன் நான். அந்த வராந்தாவில், கையிலிருந்த டீ ஆறிப்போக, எங்கள் ஊர் எல்லையிலிருக்கும் அம்மனிடம் உதடு அசையாமல் சொன்னேன்: "வூட்ல ஒரு கறுப்புக் குஞ்சு இருக்குது. வளந்ததும் அந்தச் சேவல உனக்கே வுட்டுர்றேன். இவள மட்டும் எனக்கு வுட்டுடு." பொரித்துப் பத்து நாள்கூட ஆகாத குஞ்சு. தான் சேவலா பெட்டையா என்று அதற்கே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது!

மகள் பிழைத்தாள். நான் மாட்டிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இத்தனை வருடம் நான் அடித்த கிண்டல் மொத்தமும் என் தலையில் இறங்கும். தினமும் பல் தேய்ப்பதற்கு முன்பே போய்க் குஞ்சின் கொண்டையைப் பார்ப்பேன். சிவப்பாகத் தெரிந்தால் எனக்குத் தெம்பு. வெளுத்துத் தெரிந்தால் எனக்குக் காய்ச்சல். யூடியூபில் யாரோ சொன்னார் என்று மோதிரத்தை நூலில் கட்டி அதன் தலைக்கு மேல் தொங்கவிட்டேன். நேராக ஆடினால் சேவலாம், சுற்றினால் பெட்டையாம். என் கை நடுக்கத்தில் அது லைசென்ஸ் எடுக்க வந்தவனைப் போல எட்டுப் போட்டது. கூடப் பொரித்த குஞ்சுகளில் இரண்டு கூவிப் பழகின. கறுப்பு கம்மென்றிருந்தது.

"இது வெடக்கோழிங்க. நல்லா முட்ட வுடும், வச்சிக்கலாம்," என்றாள் மனைவி.

"உனுக்கு இன்னா தெரியும்? சில சேவலுக்குக் கூச்ச சுபாவம்."

"கூச்சப்பட அது இன்னா, பொண்ணு பாக்க வந்த மாப்ளையா?"

மறுநாள்தான் அதைப் பையில் போட்டுக்கொண்டு பாயிடம் போனேன். அவர் சிறகை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நுனி உருண்டையா இருக்குது தம்பி. சேவலா இருந்தா இந்நேரம் ஊசியாட்டம் ஆயிருக்கும். இது பெட்ட. ஆமா, கோழிக்கா உனக்கு இப்படி வேர்க்குது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பாப்பா இப்ப நல்லா கீதா?"

"நல்லா கீது பாய்."

"அப்பறம் இன்னா பயம்?"

"நல்லா கீறதாலதான் பாய் பயம்."

பாய் சிரிக்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு நல்ல கறுப்புச் சேவலாக ஒன்றை எடுத்துத் தந்தார். "இத அம்மனுக்குக் குடுத்துடு. சேவல்னு சொன்னதுக்குச் சேவல் ஆச்சு."

"அப்ப இந்தப் பெட்டைய நீங்களே எடுத்துக்குங்க பாய். வூட்ல வச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது," என்று அதைத் தராசில் வைக்கப் போனேன். தினமும் கோழி அறுக்கிற அந்தக் கை என் கையைப் பிடித்துத் தடுத்தது.

"வாணாம் தம்பி. சாமிக்குன்னு சொன்னத நான் அறுக்க மாட்டேன். எனக்கும் புள்ளைங்க கீது."

அதுவரை கோமாளித்தனமாகத்தான் பயந்துகொண்டிருந்தேன். நிஜமாகப் பயந்தது அந்த நிமிஷத்தில்தான். வண்டி பஞ்சர் என்று மனைவியிடம் ஒரு பொய்யைச் சொல்லி, சேவலை அம்மனிடம் சேர்த்தேன். கறுப்பை மறுபடியும் வீட்டுக்கே தூக்கி வந்தேன். வைத்துக்கொள்வதென்று நான் முடிவெடுக்கவில்லை. விடுவதற்குத் தைரியம் வரவில்லை.

பாய் போன வருடம் இறந்துவிட்டார். விஷயம் தெரிந்த ஒரே ஆள். அடக்கத்தன்று பள்ளிவாசலுக்கு வெளியே நின்றபோது, இனி என்னோடு சேர்ந்து பயப்பட ஆளில்லை என்று தோன்றியது.

மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். கறுப்பு கிழடாகிவிட்டது, எப்போதாவதுதான் முட்டையிடுகிறது. அந்த முட்டையை மகளுக்குத்தான் பொரித்துத் தருவாள் மனைவி. நான் இதுவரை ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. கேட்டால் கொலஸ்ட்ரால் என்பேன். நேற்று ஆம்லெட் தின்னும்போது மகளுக்குப் புரையேறி இருமல் வந்தது. மனைவி தண்ணீர் எடுக்க ஓடினாள். நான் கொல்லைக்கு ஓடினேன். கறுப்பு பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. உள்ளே இருமல் நிற்கும்வரை அதன் எதிரே குந்தி உட்கார்ந்து, பிடிப் பிடியாக அரிசியை இறைத்துக்கொண்டிருந்தேன்.