காப்பர் அம்ப்ரெல்லாவின் இரண்டாவது ஆல்பம் திரும்பி வந்தபோது

பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுத் தரம் எழுதும் கிரேடிங் மேஜைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றும் கிடையாது, இரண்டு வருடம்தான். ஆனால் இந்த மேஜையில் முதலில் உட்கார்ந்தவள் நான். இங்கே நடந்த முதல் பெரிய தப்பும் என்னுடையதுதான்.

1. பார்சல்

2005-இல் மழைக்காலம் முடிகிற நேரம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெருமுக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கி, உப்பளத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடோனுக்குள் நுழைந்தபோது, முதலாளி பாஸ்கரன் சார் என் மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பிரித்த பார்சல், அதில் ஓர் இசைத்தட்டு.

"மகேஸ், இது நீ கிரேடு போட்ட பிளேட்டுதானா பாரு. ஜெர்மன்காரன் திருப்பி அனுப்பிட்டான். அப்பளம் பொரியற மாதிரி சத்தம் வருதாம்."

காப்பர் அம்ப்ரெல்லா இங்கிலாந்தில் இருந்த ஒரு சைகடெலிக் ராக் குழு. நான்கே ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள். கிடார் ஒரு பக்கம் தேனீபோல ரீங்கரிக்கும், திடீரென்று பாட்டு பின்னோக்கி ஓடும். முதல் வாரம் எனக்குத் தலை வலித்தது. அந்த நான்கும் கல்கத்தாவிலும் கொஞ்சம் அச்சாகின. அந்த இந்தியப் பிரெஸ்ஸிங்கைத்தான் வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். நடு லேபிள் ஊதாவாக இருந்தால் முதல் பிரெஸ்ஸிங். பச்சை என்றால் பிறகு அடித்தது, மதிப்பு பாதிகூட இல்லை. சார் பழைய வீடுகளிலிருந்து மொத்தமாக வாங்கி வருவார். நான் கழுவி, போட்டுக் கேட்டு, தரம் எழுதுவேன். ரஹ்மத் பாய் பேக்கிங் செய்து அனுப்புவார். மூன்று பேர்தான் கம்பெனி.

திரும்பி வந்தது இரண்டாவது ஆல்பம், ஊதா லேபிள். நான் அதற்கு 'நியர் மின்ட்' எழுதியிருந்தேன், அதாவது புதுசு மாதிரி. இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பே இல்லை, சாம்பல் பூத்தது போல இருந்தது.

"இது தேஞ்ச பிளேட்டு," என்றார் சார். "நம்மகிட்ட இதே ஆல்பம் ரெண்டு இருந்துச்சே?"

இருந்தது. நன்றாக இருந்ததை ஜெர்மனிக்கு ஒதுக்கினோம். தேய்ந்ததை ஒரு கட்டோடு சேர்த்துச் சென்னையில் ஒரு பழைய ரெக்கார்டு வியாபாரிக்கு விற்றோம். இரண்டும் ஒரே வாரத்தில் பேக் ஆனவை. போன் போட்டால், கட்டு முழுதும் எப்போதோ விற்றுவிட்டது என்றார் வியாபாரி.

"யாரோ மாத்திட்டாங்க. உனக்கு யார் மேலயாவது சந்தேகமா?"

நான் பிளேட்டைக் கவருக்குள் போட்டேன். பிறகு சொன்னேன்: "பேக்கிங்கை ரஹ்மத் பாய்தான் சார் பண்றாரு."

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சொல்ல வந்திருக்காது.

2. பை

ரஹ்மத் பாய் ஷார்ஜாவில் பத்து வருடம் குடோன் வேலை பார்த்துத் திரும்பியவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்று முதல் அவர் செய்தது எல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பேக்கிங் ரூம் கதவை ஏன் சாத்திக்கொள்கிறார்? ஏ.சி. காற்று வெளியே போகாமல் இருக்க என்பது எனக்கே தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். எது அபூர்வமானது என்று என்னிடம் ஏன் கேட்டார்? அவர் அக்கா மகன் பாண்டிச்சேரியில் கேசட் கடை வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் இதே யோசனை. ஒன்றரை வயதுக் குழந்தை வாயைத் திறந்து காத்திருக்கும், கை பாதியில் நின்றிருக்கும்.

சார் தினமும் சாயங்காலம் பாயின் பையைச் சோதிக்க ஆரம்பித்தார். பாய் முதல் இரண்டு நாள் சிரித்தார்.

"நல்லா பாருங்க சார். டிபன் பாக்ஸுக்குள்ள பன்னெண்டு இஞ்ச் பிளேட்ட நாலா மடிச்சு வச்சிருக்கேன்."

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. வார முடிவில் சார் சொல்லிவிட்டார்: "இந்த மாசத்தோட நின்னுக்குங்க பாய். எதுக்கு வீணா மனஸ்தாபம்."

"செய்யாததுக்கா சார்?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"சொன்னாத்தான் சார் நான் பதில் சொல்ல முடியும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த பிளேட்டை ஆதாரம் என்று சார் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

3. கழுவும் முறை

இதைக் கவனமாகப் படியுங்கள். ரெக்கார்டைப் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில்தான் கழுவ வேண்டும். ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், பிறகு அதே தண்ணீரில் ஒரு முறை அலசல். சார் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. சோப்பு மிச்சம் இருக்குமோ என்று பயம். குழந்தையின் பால் பாட்டிலையே நாலு தடவை கழுவுகிறவள் நான். அதனால் மூன்றாவதாகக் குழாயடியில் ஒரு முறை காட்டி அலசிவிடுவேன். துணியால் ஒற்றி, உடனே போட்டுக் கேட்பேன். சுத்தமாகக் கேட்கும். கவரில் போட்டுவிடுவேன்.

4. என் கையெழுத்துப் போட்ட டேப்

பாய்க்கு மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. நான்காவது ஆல்பத்துக்கு ஜப்பானிலிருந்து ஆர்டர். மூன்று வாரம் முன்பே கழுவி, என் அலமாரியில் வைத்து, கவர் மேல் டேப் ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். பாய் கைக்குப் போவதற்கு முன் இன்னொரு தடவை கேட்டுவிடுவோம், அப்போதுதான் மாற்றினால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஊசி இறங்கியது. அப்பளம் பொரிந்தது.

என் அலமாரியையும் திறந்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் டேப்பைப் பிரித்தது சற்றுமுன் நான். கையெழுத்து நேராகத்தான் இருந்தது. பிளேட்டை ஜன்னலில் சாய்த்தேன். அதே சாம்பல் பூத்த நிறம். விரலால் தடவினேன். ஏன் என்று தெரியாது, விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

குழாய்த் தண்ணீர் உப்பளத்தை ஒட்டிய போர்வெல்லில் இருந்து வருவது. எங்கள் ஊர்க் கிணறு நல்ல தண்ணீர், அதனால் எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. ஈரம் இருக்கும்வரை சத்தம் வராது. காய்ந்த பிறகு வரிகளுக்குள் உப்பு படிந்து, ஊசி அதன்மேல் ஓடும்.

மதியம்வரை நான் சாரிடம் போகவில்லை. மழையில் உப்பளம் நின்று, என் கணவருக்கு வேலை இல்லாத மாதங்கள் அவை. வீட்டில் வந்தது என் சம்பளம் ஒன்றுதான். பேசாமல் எல்லாவற்றையும் மறுபடி கழுவி வைத்துவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அப்போது பாய் பேக்கிங் ரூமில் அட்டைப்பெட்டி ஓரங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். நிற்கப் போகிற வேலையை அவ்வளவு நேராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பாய் இல்ல. நான்தான்."

குழாயடி அலசலைப் பற்றி எல்லாம் சொன்னேன். சார் அலமாரியைத் திறந்து, ஜெர்மன் பிளேட்டை டிஸ்டில்டு வாட்டரில் தன் கையாலேயே கழுவி, காயவைத்துப் போட்டார். கிடார் தேனீபோல ரீங்கரித்தது, வேறு ஒரு சத்தமும் இல்லை.

"மூணாவது தடவ அலசச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். சோப்பு இருக்குமோன்னு..."

"ஏம்மா, இந்தக் குழாய்த் தண்ணில டீ போட்டா நீ குடிப்பியா?"

பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து, மனசுல வச்சுக்காதீங்க, நீங்க இருங்க பாய் என்றார். பாய் கையை விடுவித்துக்கொண்டார். என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, என்னைச் சந்தேகப்பட உனக்கு எத்தன நாளு ஆச்சு?"

"அன்னைக்கே, பாய்."

"தண்ணியச் சந்தேகப்பட?"

"பதினோரு நாளு."

"சரி," என்றார். மாதம் முடிகிறவரை வேலை பார்த்தார். பிறகு வானூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சார் நேரில் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. நானும் ஒரு முறை போனேன். டீ வாங்கிக்கொடுத்தார், குழந்தையை விசாரித்தார், வேலையைப் பற்றிப் பேசவிடவில்லை.

என்னை நிறுத்தவில்லை. இப்போது பேக்கிங்கும் நான்தான் பார்க்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு நோட்டு தருவேன். வலது பக்கத்தில் நான் சொல்லிக்கொடுத்ததை எழுத வேண்டும். இடது பக்கத்தில், யாரும் சொல்லாமல் நீங்களாகச் சேர்த்துச் செய்வதை எழுத வேண்டும். பிளேட்டில் ஏதாவது கோளாறு வந்தால் முதலில் இடது பக்கத்தைத்தான் படிப்போம். ஒன்றும் இல்லை அக்கா, நீங்கள் சொன்னபடியேதான் செய்கிறேன் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து இன்றுவரை யாருடைய இடது பக்கமும் காலியாக இருந்ததில்லை.