என் பேத்தியின் பெயரில் ஒரு கூரை

பண்டமாரானில் பதினோரு சரக்குக் கொட்டகை, கிள்ளானில் இரண்டு கடைவரிசை, கம்போங் மேடானில் வீடுகளுக்குக் கணக்கே இல்லை. அத்தனைக்கும் கூரை போட்டவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தொடங்கிய காலத்தில் எனக்கு ஏணி பிடிக்கக்கூட ஆளில்லை. என் கூரை ஒழுகியது என்று ஒருவர் சொல்லட்டும், பார்ப்போம்.

அப்பேர்ப்பட்ட நான் சென்ற சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கிள்ளானில் ரயில் ஏறினேன். சாலாக் செலாத்தானில், சம்பந்தி வீட்டில், ஒரு மாதக் குழந்தையாக என் பேத்தி இருக்கிறாள். மருமகள் மெய் லிங் சீனப் பெண். முதல்நாள் மகன் போனில், "அப்பா, மாமா பேரு வச்சிட்டாரு, 'ஓன்'னு," என்றான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பேத்திக்கு நான் வாசிக்க முடியாத பெயரா? மாற்றச் சொல்லத்தான் போனேன்.

கோலாலம்பூரில், கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஐந்து வெள்ளிக்கு மல்லிகைச் சரம் வாங்கினேன்.

"யாருக்கு அங்கிள் பூ?" என்றாள் பூக்காரப் பெண்.

"பேத்திக்கு."

"பேரு என்ன?"

"இன்னும் முடிவாகலம்மா." சொல்லும்போதே வலித்தது.

அங்கிருந்து சிரம்பான் பக்கம் போகும் ரயில். பத்து மணிக்குச் சம்பந்தி வாசலில் நின்றேன். காப்பிக்கடை வைத்து, ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களுக்குக் காப்பி கலக்கியே தமிழ் படித்த மனிதர். கூடத்துச் சுவரில் சிவப்புத் தாள். அதில் அவர் கைப்பட எழுதிய ஒற்றை எழுத்து. பெயர் அதுதான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இத நான் பாத்திருக்கேன். கட்டட வேலை நடக்கிற இடத்துல போர்டுல இருக்கும். நாலு எழுத்துல முதல் எழுத்து."

"ஆமாலா. 'பாதுகாப்பே முதல்'னு போட்டிருக்கும். நாப்பது வருஷம் அதுக்குக் கீழயே நின்னிருக்க. ஒருநாள்கூடக் கேக்கலயா, அண்ணே?"

"கேக்குற நேரத்துல ரெண்டு தகரம் அடிச்சிடுவேன்."

அவர் காப்பியில் விரலைத் தொட்டு மேசையில் வரைந்தார். மேலே ஒரு கூரை. கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

"பழைய காலத்துல படமாத்தான் எழுதுனாங்க. வீட்டுக்குள்ள பொண்ணு நிம்மதியா இருக்கா, அதான் ஓன். பத்திரமா இருன்னு வாழ்த்துறதுக்கு 'பிங் ஓன்'. மனசு நிம்மதின்னா 'ஓன் சம்'. எல்லாத்துலயும் இவதான்."

"மேல இருக்கறது கூரைதானா? நிச்சயமா?"

"சந்தேகமா இருந்தா ஏறிப் பாரு."

மெய் லிங் குழந்தையை என் மடியில் வைத்தாள். "பேர மாத்தணும்னு வந்தீங்களா மாமா?"

"ஓன்," என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கண் திறக்கவில்லை, தகரம் பிடித்துக் காய்த்துப்போன என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா," என்றேன்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கிள்ளான் நெருங்க நெருங்க என் கூரைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றின் கீழே யார் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நாளை என் பேத்தி உங்களில் யாரிடமாவது தன் பெயருக்கு அர்த்தம் கேட்பாள். காப்பிக்கடைத் தாத்தா வைத்தது என்று சொல்லுங்கள், அது நியாயம். ஆனால் அந்த எழுத்தில் மேல்பாதி கூரை. கூரை யார் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.