மையை உரித்த உறை

திருப்பதியில் ஒரு ஸ்டேஷனரி கடை. நான் சேர்த்திருந்த கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்துகளை வைக்கப் பிளாஸ்டிக் உறை வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற நரைத்த மீசைக்காரர் என் கையிலிருந்த உறையைப் பிடுங்கி முகர்ந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா சார் இது?"

"நாத்தம் அடிக்குது பாரு, பிவிசி பிளாஸ்டிக்கு. மையை உரிச்சுக்கும்" என்றவர், கடைக்காரரிடம் கத்தினார். "இதைத்தானே நல்ல கவர்னு எனக்கும் குடுத்த? ஒரு பாடகி ஆஸ்பத்திரிக்கே வந்து என் பொண்ணுக்குப் போட்ட கையெழுத்து, கவர்ல ஒட்டிக்கினு போச்சே! பொண்ணும் இல்ல, இப்ப அதுவும் இல்ல."

கடைக்காரர் வாடையில்லாத பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை ஒன்றை அவரிடம் நீட்டினார். "இது ஒண்ணும் பண்ணாது. சும்மா எடுத்துக்கினு போங்கண்ணா."

"அதுல வைக்க இன்னா இருக்குது?"

அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். அந்த உறையை நான்தான் வாங்கினேன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.