சஹனில் அண்ணனின் கை

வளைகுடாவிலிருந்து ஒவ்வொரு விடுப்பிலும் அண்ணன் தனக்கென்று கொண்டுவந்தது பசி மட்டும்தான். கம்பளமும் வாசனைப் புட்டியும் மற்றவர்களுக்கு. அம்மாவின் கறிக்குழம்புக்கு முன் உட்கார்ந்தால் குனிந்த தலை நிமிராது. திரும்பிப் போகும்போது, "பாதிதான்டா சாப்புட்டிருக்கேன்" என்பார். மீதியை, ஊரோடு வந்து உட்காரும் காலத்துக்கு ஒத்திவைத்திருந்தார்.

வந்து உட்கார்ந்தார். சர்க்கரையும் கூடவே வந்திருந்தது. கால்விரல்கள் மரத்துவிட்டன, கண்ணுக்குள் ரத்தக்கசிவு. கும்பகோணத்து டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். சோறு இறங்கியதும் குடலே ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம். கணையத்திடம் இன்சுலினை விடு என்னும், இரைப்பையிடம் மெதுவாகப் போ என்னும், மூளையிடம் போதும் என்னும். அதன் குரலில் பேசுவதுதான் அந்த ஊசி. சர்க்கரை இறங்கியது. பசியும் போனது, மேட்டூரை அடைத்த பிறகு எங்கள் வாய்க்கால் வற்றுவதுபோல, சத்தமே இல்லாமல்.

அந்த வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர். ஒருவர் கையை எடுத்தால் மரியாதைக்கு மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள்.

"தனித் தட்டு போடச் சொல்லவாண்ணே?" என்று கேட்டேன்.

"எம் பொண்ணு கல்யாணத்துல எனக்குத் தனித் தட்டாடா? இதுக்காகத்தானே அங்க கெடந்தேன்."

அண்ணன், நான், சம்பந்தி, அவர் தம்பி. பிஸ்மி சொல்லி முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. நெய்ச்சோற்றை உருட்டினார், கலைத்தார், மறுபடி உருட்டினார். கறித்துண்டுகளை என் பக்கம் ஒதுக்கினார். சம்பந்தி வயிறார உண்ணும்வரை அந்தக் கை தட்டில் உழைத்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நாங்கல்லாம் முடிச்சிட்டோம் சம்பந்தி. உங்க துபாய்ப் பசி இன்னும் அடங்கல போலருக்கு" என்று சம்பந்தி சிரித்தார்.

அண்ணனும் சிரித்தார். "எத்தன வருஷப் பசிங்க அது."

வெளியே அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். கழுவுமுன் நெய் படிந்த விரல்களை ஒருமுறை மோந்து பார்த்தார்.

"கறி எப்படிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுண்ணே."

"அப்படிச் சொல்லாத. ஒழுங்காச் சொல்லு."

உப்பு, காரம், எலும்போரத்துக் கறி வெந்திருந்த பதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். ஈரக் கையைத் துடைக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.